விசிறி மட்டும் சுற்றியது

ஜூன் 3

மாட்சிமை தங்கிய ஐஸ்கட்டி அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் நலம், அப்பாவின் கோபம் அதைவிட நலம். உன் மூக்கு நலமா? மைனஸ் பதினெட்டில் மீன் பெட்டி அடுக்குகிறவனிடம் முதலில் விசாரிக்க வேண்டியது மூக்கைத்தான்.

போன் என்று ஒன்று இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போன் என்று ஒன்று இருந்தது. இப்போது அது அப்பாவின் பீரோவில், துண்டுக்கு அடியில், பரீட்சை முடியும்வரை தவம் இருக்கிறது. குற்றம் சின்னதுதான். அப்பாவின் போனில் அவருடைய மேனேஜர் பெயரை அழித்துவிட்டு 'சிடுமூஞ்சி' என்று போட்டு வைத்தேன். மேனேஜர் போன வாரம் தன் போனைக் காணாமல், "ஒரு ரிங் குடுங்க சார்" என்று அப்பாவிடமே வந்து நின்றிருக்கிறார். அப்பா பெருமையாகத் திரையை அவர் பக்கம் நீட்டியிருக்கிறார். மீதியை நீயே கற்பனை செய்துகொள்.

ஆகவே உங்கள் குளிர்கிடங்கிலிருந்து வாரா வாரம் இங்கே சந்தைக்கு வரும் லாரிக்கார அண்ணன்தான் இனி என் தபால்காரர். அவரிடம் பதில் கொடுத்தனுப்பு.

தினமும் எட்டு மணிக்கு நம் வீட்டுக் கூத்தை நீ அங்கிருந்து பார்க்கிறாய். இங்கிருந்து பார்க்க வேண்டும். அப்பா வீடியோவிலும் போனைக் காதில் வைக்கிறார், நீ பேசுவது அவர் காதுக்குள்ளே. அம்மா காட்டுவது நெற்றி மட்டும். கடைசியில்தான் அண்ணியின் முறை. கண் பரிசோதிக்கும் கண்ணாடிக் கடை வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து, கூடத்துக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். அறைக்குள் போனால் நெட் வராது. அதனால் புதுப்பெண் தன் புருஷனோடு பேசுவதை மாமனார், மாமியார், நாத்தனார் மூவரும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் நீ நாலு தடவை 'ஹேங்' ஆனாய். வாய் பாதி திறந்து, புருவம் பாதி தூக்கி, அசல் உறைந்த படம். அண்ணி "நெட் போச்சு போல" என்று சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீ உறைந்துபோனபோது உன் பின்னால் இருந்த விசிறி மட்டும் எப்படிச் சுற்றியது?

நடிப்புக்குப் பத்துக்கு ஒன்பது. கண் சிமிட்டியதற்கு ஒன்று குறைத்தேன்.

இப்படிக்கு,
உன் அருமை வாலு


ஜூன் 12

அன்புள்ள வாலுக்கு,

மூக்கு இருக்கிறது, இன்று காலை தொட்டுப் பார்த்தேன். அப்பாவின் கோபத்துக்கு என் வணக்கம். அம்மாவை மாடி ஏறவிடாதே.

இங்கே வேலை வழக்கம்போல. உள்ளே போகும்போது மூன்று சட்டை, ஒரு கோட்டு, இரண்டு ஜோடிக் கையுறை. வெளியே வரும்போது மீசையில் வெள்ளை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து டீ குடிக்க வேண்டும் என்பது விதி. இந்த உலகத்தில் முதலாளி அதட்டி டீ குடிக்க வைக்கும் ஒரே வேலை இதுதான். என்னோடு அறையில் இருப்பவருக்கு 'டிராக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் படுத்த பிறகு அந்தப் பெயரின் அருமை தெரியும்.

விசிறியா? அது வேறு நெட்வொர்க்.

படி. அப்பாவின் போனைத் தொடாதே. இந்த விசிறி விஷயத்தை அண்ணியிடம் சொல்லாதே.

அண்ணன்


ஜூன் 19

அண்ணா,

மூன்று கட்டளை போட்டிருக்கிறாய். முதல் இரண்டும் கடிதத்தை நிரப்ப என்று எனக்குத் தெரியும்.

உன் உடம்பு நலமா என்று கேட்டு நேரடியாக வழக்குக்குப் போகிறேன். இந்த வாரம் முழுக்க உளவு பார்த்தேன். நீ கண்டபடி ஹேங் ஆவதில்லை. அண்ணி கொஞ்சலாக, "எங்க, என் பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்கிறாள் பார், அந்த நொடியில்தான் உனக்கு நெட் போகிறது.

எனக்கு ஐந்து வயதிலிருந்து நான்தான் உன் அதிகாரபூர்வ வாய். பேக்கரியில் நீ என் தோளைத் தட்டுவாய், நான் "ரெண்டு பன்" என்பேன். பஸ்ஸில் நீ காசை நீட்டுவாய், நான் ஊர் பெயரைச் சொல்வேன். சில எழுத்துகள் உன் தொண்டையில் வந்து கதவைச் சாத்திக்கொள்ளும். நீயும் கெட்டிக்காரன், பின்வாசல் வழியாக வருவாய். 'சீப்பு' வராவிட்டால் "தலை வாருறது எங்க?" என்பாய். வெளியாட்களுக்கு நீ திக்குகிறாய் என்றே தெரியாது, அதிகம் பேசாத பிள்ளை என்று பாராட்டு வேறு. என்னிடம் மட்டும் கதவுக்கு அடியில் துண்டுச் சீட்டு தள்ளுவாய். காகிதத்தில் நீ எங்கேயும் நின்றதே இல்லை.

ஆனால் பெயருக்குப் பின்வாசல் கிடையாது. பெண் பார்த்துவிட்டு வந்து அம்மா அண்ணியின் பெயரைச் சொன்னதும் நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். எல்லா எழுத்தையும் விட்டு அந்த எழுத்திலா ஆரம்பிக்க வேண்டும்!

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாதம்கூட நீ இங்கே இருக்கவில்லை. "மேடம்", "கண்ணாடிக்காரி", "இங்க பாரு" என்று ஓட்டிவிட்டாய். வார்த்தை நின்றால் அவள் கையைப் பிடித்துக்கொள்வாய். அவளும் ஏதோ பாசம் என்று நினைத்துச் சிவந்துபோவாள். நானும் பார்த்திருக்கிறேன், மறுக்காதே. இப்போது திரையில் பிடிக்கக் கை இல்லை. அதனால் உறைகிறாய்.

சரியா? சரி என்றால் மூக்கைத் தொட்டுக்கொள்.

உன் முன்னாள் வாய்,
வாலு


ஜூலை 2

வாலு,

எல்லோரும் நலம்தானே? பதில் தாமதம், போன லாரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

மூக்கைத் தொட்டுக்கொண்டேன்.

நேரில் இது இவ்வளவு கஷ்டமில்லை. வீடியோவில் என் குரல் போய், தாமதமாக என் காதுக்கே திரும்பி வருகிறது. வார்த்தை நின்றால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பார்கள். ஒவ்வொரு ஹலோவும் அந்த வார்த்தையை ஒரு படி கீழே தள்ளிவிடும். ஆரம்பத்தில் ஒருநாள் நிஜமாகவே படம் நின்றது. திரும்பி வந்தபோது அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "பரவால்ல, நெட்டு தானே" என்று சிரித்தாள். அவள் முகத்தில் கொஞ்சம்கூடச் சலிப்பில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் இந்த வித்தை.

அவள் நெட்டுக்குக் காத்திருப்பாள். எனக்குக் காத்திருப்பாளா என்று தெரியவில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


ஜூலை 11

அண்ணா,

மருந்து வந்தது. அம்மா நலம். நான் நலமில்லை.

நான் உதவி செய்யத்தான் நினைத்தேன். சத்தியமாக. ஒரு தடவை நீ சிரித்துவிட்டால் எல்லாம் லேசாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் நீ உறைந்த நேரம் பார்த்து, அண்ணியின் முதுகுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்து, பல்துலக்கும் பிரஷ்ஷை மேலுதட்டில் மீசையாக நிறுத்தி, அப்பாவின் நடையில் நடந்தேன். உறைந்த படம் குபீரென்று சிரித்தது.

அண்ணி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அதற்குள் நீ இணைப்பைத் துண்டித்துவிட்டாய்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிரஷ்ஷைக் கழுவி வை" என்றாள், அவ்வளவுதான்.

'ஓவர்டைம், கொஞ்ச நாளைக்கு வீடியோ முடியாது' என்று நீ அனுப்பிய செய்தியை அம்மா சத்தம் போட்டுப் படித்தாள். லாரிக்கார அண்ணனிடம் கேட்டேன். கிடங்கில் பாதி இடம் காலி, ஆட்கள் சீட்டு விளையாடுகிறார்கள் என்கிறார்.

தப்புதான். பிரஷ்ஷைக் கழுவிவிட்டேன். கூப்பிடு.

வாலு


ஜூலை 27

அண்ணா,

நீ சௌக்கியமா? லாரிக்கார அண்ணன் ஒரு முறை வெறுங்கையோடு வந்தார். இரண்டாவது முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் நல்லாத்தாம்மா இருக்கான், டீ குடிக்கிறான்" என்றார்.

இங்கே எட்டு மணிக்கு அண்ணி இன்னும் முகம் கழுவுகிறாள். சர்க்கரை டப்பாவை மேசையில் வைக்கிறாள். கொஞ்ச நேரம் ஏதோ தைக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறாள். அம்மா, "ஒரு வார்த்தை பேசறதுக்குக்கூடவா நேரமில்ல அவனுக்கு?" என்று ஆரம்பித்தால், "அங்க நெட்டு சரியில்ல அத்தை, அவர் என்ன பண்ணுவாரு பாவம்" என்று முடித்துவிடுகிறாள். செய்தியில் ஓவர்டைம் என்று இருந்தது. அவள் நெட் என்கிறாள். யோசித்துப் பார்.

இன்னொன்று. நேற்று மதியச் சாப்பாடு கொடுக்க அவள் கடைக்குப் போனேன். ஒரு பஸ் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டார். வியர்த்துவிட்டது மனிதருக்கு, சர்டிபிகேட் கிடைக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். நானாக இருந்தால் பின்னாலிருந்து சொல்லிக் கொடுத்திருப்பேன். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? "அவசரமில்ல சார், தெரியறப்போ சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் கடைசியில் வாசித்துவிட்டார்.

நாள் முழுக்க அவளுக்கு அதுதான்டா வேலை.

உன் பதிலுக்குக் கதவடியில் காத்திருக்கும்,
வாலு


ஆகஸ்ட் 4

என்னங்க,

நலமாக இருக்கிறீர்களா? உள்ளே போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். மாமாவும் அத்தையும் சுகம். வாலு அவ்வப்போது சுகம்.

இந்த லாரித் தபால் ரகசியத்தை நேற்றுதான் வாலிடமிருந்து பிடுங்கினேன். நீங்கள் எழுதியதை அவள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் ஒன்று எழுதலாமே என்று தோன்றியது.

மே மாதத்தில் ஒருநாள் நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் படம் நின்றது. அப்போது உங்கள் டிராக்டர் அறைக்குள் வந்து விளக்கைப் போட்டார். உறைந்த முகத்தில் கண்மணி மட்டும் சுருங்கியது. என் பிழைப்பே கண்ணைப் பார்ப்பதுதானே. படம் நின்றால் கண்மணி சுருங்காது.

அன்றிலிருந்து "நெட்டு தானே" என்று நான் சொன்னதெல்லாம் உங்களுக்காகச் சொன்னது. நான் நெட்டுக்குக் காத்திருக்கவில்லை.

பெயரை முதலில் விளையாட்டாகத்தான் கேட்டேன். பிறகு விஷயம் புரிந்த பின்னும் கேட்டேன். அது என் பிடிவாதம். நீங்கள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. 'கண்ணாடிக்காரி'யும் பிடிக்கும்.

இனி ஒரு ஏற்பாடு. நீங்கள் உறைய வேண்டாம். எப்போதாவது நின்றால் நான் உறைந்துகொள்கிறேன். ஹலோ சொல்ல மாட்டேன், கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேன். வாலு அளவுக்கு நடிக்க வராவிட்டாலும் ஓரளவு வரும்.

எட்டு மணிக்கு சர்க்கரை டப்பா மேசையில் இருக்கும்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 12

வாலு,

நலம்தானே? நீ சொன்னாயா? சொல்லவில்லை என்று அவள் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

அவள் கடிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன். டீ விதியை மறந்து உள்ளேயே நின்று படித்ததில் மேஸ்திரி வந்து காதைத் திருகினார். காது உணர்ச்சியில்லாமல் இருந்ததால் வலிக்கவில்லை.

மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பழகிப் பார்க்கிறேன். வாயிலிருந்து புகை வருகிறது, பேர் வரவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வீடியோவில் வருகிறேன். அப்பாவும் அம்மாவும் கூடத்தில் இல்லாதபடி ஏதாவது செய். என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியவும் வேண்டாம். நீ இருக்கலாம். கூடை வேண்டாம்.

அண்ணன்


ஆகஸ்ட் 17

அண்ணா,

எல்லோரும் நலம். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, காரணம் கீழே.

சனிக்கிழமை உன் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்ததை எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், "அப்பா, மாடியில தண்ணித் தொட்டி வழியுது!" என்று கத்தினேன். அப்பா டார்ச்சோடு ஓடினார். அவரைத் திட்டுவதற்காக அம்மா பின்னாலேயே ஏறினாள். அம்மாவின் முழங்காலுக்கு என் மன்னிப்பு. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால், கூடையில்லாமல்.

நீ வந்தாய். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று ஏதேதோ பேசினீர்கள். பிறகு நீயே, அவள் கேட்காமலேயே, "இரு, ஒண்ணு சொல்லணும்" என்றாய். முதல் எழுத்துக்கு வாய் போனது. நின்றது.

அண்ணி உறைந்தாள். அண்ணா, உன்னைவிட நன்றாக உறைந்தாள். ஹலோ இல்லை, சிமிட்டல் இல்லை. கண்ணாடி துடைக்கிற மாதிரி புடவைத் தலைப்பில் விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நேரம் போனது. நீ வாய் திறந்தபடியே இருந்தாய். மேலும் போனது. எனக்குக் கால் மரத்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன்.

உன் விசிறி சுற்றவில்லை!

நிஜமாகவே நெட் போயிருக்கிறது! ஊரையெல்லாம் பொடி எழுத்துப் படிக்க வைக்கிறவள், திரையின் ஓரத்தில் 'மீண்டும் இணைக்கிறது' என்று பொடி எழுத்தில் வந்ததைப் படிக்கவில்லை. அவள் பார்த்தது உன் கண்ணை மட்டும். செத்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அத்தனை பொறுமையாகக் காத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வேடிக்கை வாய்க்காது. ஓடிப் போய்ச் சொல்ல ஒரு காலையும் எடுத்து வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். காலைப் பின்னால் வைத்துவிட்டேன்.

அதற்குள் அப்பா இரைக்க இரைக்க இறங்கி வந்தார். "தொட்டி பாதிகூட இல்ல! யாரு சொன்னது வழியுதுன்னு?" என்றவர், திரையைப் பார்த்து, "என்னம்மா, படம் நின்னு போச்சா?" என்றார்.

அண்ணி திரும்பவேயில்லை. "இல்ல மாமா, பேசிட்டிருக்கோம்" என்றாள்.

அப்பா ஒரு நிமிடம் நின்றார். பிறகு, தொட்டியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தானாகவே மாடிக்குப் போய்விட்டார். நம் அப்பாதானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அப்புறம் விசிறி சுற்றியது. நீ திரையில் அசைந்தாய். அவள் பெயர் வந்தது. தடங்கல் இல்லை, தயக்கம் இல்லை, சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக! எப்படிடா? அதுதான் எனக்குப் புரியவில்லை. அண்ணி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "ம், சொல்லுங்க" என்றாள்.

விளக்கம் தேவை. உடனே.

வாலு


ஆகஸ்ட் 25

அன்புள்ள வாலுக்கு,

அப்பாவின் மூச்சு சரியாகிவிட்டதா? மாடிப்படிக்குப் பக்கத்தில் உன்னை விடவே கூடாது.

விளக்கம் இதுதான். என் திரையில் அவள் அசையாமல் இருந்தாள். கடிதத்தில் சொன்ன மாதிரியே எனக்காக உறைந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளே அப்படிக் காத்திருக்கும்போது ஓட முடியுமா? முயற்சி செய்தேன். முதல் தடவை துண்டு துண்டாக வந்தது, சரக்கு இறக்கும்போது தவறிய ஐஸ் பெட்டி மாதிரி. அவள் சிரிக்கவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சொன்னேன். அப்போதும் அசையவில்லை. மறுபடி. ஹலோ சொல்ல யாருமில்லை, என் குரல் காதுக்குத் திரும்பி வரவும் இல்லை. எத்தனை தடவை சொன்னேனோ. ஒரு கட்டத்தில் அந்த எழுத்து கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டது. டிராக்டர் குறட்டையை நிறுத்திவிட்டு, "சரி தம்பி, கேட்டுருச்சு" என்றார்.

பிறகுதான் அவள் தலைக்கு மேலிருந்த நம் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நொடி முள் நின்றிருந்தது. சிரித்துக்கொண்டே கடைசியாக ஒருமுறை சொன்னேன். அதுதான் உங்களுக்கு வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் நடுவழியில் எங்கேயோ கிடக்கிறது.

எல்லா நாளும் இப்படி வராது. நேற்றுக்கூட நின்றது. அவள் உறைந்தாள். நானும் அவசரப்படவில்லை.

இதை அவளிடம் சொல்லாதே. ஒரே தடவையில் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.

அண்ணன்


செப்டம்பர் 6

ஐஸ் உருகிய அண்ணாவுக்கு,

நலம். பரீட்சை முடிந்தது. போன் பீரோவிலிருந்து விடுதலை ஆகிவிட்டது. அப்பாவின் போனுக்கு இப்போது கைரேகைப் பூட்டு. அவர் தூங்கும்போது விரல் சும்மாதான் இருக்கிறது, ஆனால் நான் திருந்திவிட்டேன்.

ஆகவே இதுதான் கடைசிக் காகிதமாக இருக்கலாம். லாரிக்கார அண்ணனுக்குத்தான் வருத்தம். நேற்று நான் வெறுங்கையோடு போனதும், "என்னம்மா, ஒண்ணும் இல்லியா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அதற்காகவாவது இதை எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம். நீ சொல்லாதே என்றதை நான் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். உன் ஜூன் மாதக் கட்டளையைக் காப்பாற்றியவளுக்கு ஒரு சலுகை உண்டு.

அவள் முழுக்கக் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். "அத்தனை தடவை கூப்பிட்டாரா?" என்றாள். "ஆமாம் அண்ணி." "ஒண்ணுதானே வந்துச்சு?" "ஆமாம் அண்ணி." கொஞ்ச நேரம் சர்க்கரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். நடுவழியில் கிடப்பதெல்லாம் அவளுடையதாம். ஒன்றுவிடாமல் நீ மறுபடி சொல்லியாக வேண்டுமாம். துண்டு துண்டாக வந்தது இருக்கிறதே, முக்கியமாக அது வேண்டுமாம்.

அவசரமில்லையாம்.

வாலு